அண்ணனுக்குப் படைத்த மட்டன்

இன்று கிள்ளானில் முருகையா அண்ணனின் கருமாதி. கடைக்கு நடந்து போனவரை லோரி மோதிவிட்டது.

கொலஸ்ட்ரால் கூடியதிலிருந்து அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், இறைச்சியை அவர் கண்ணில் காட்டியதே இல்லை. காலையில் கொய்யா, ராத்திரி பப்பாளி.

"கொய்யா கொழுப்பக் குறைக்கும். பப்பாளியில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, ரத்தக் குழாய் துருப்பிடிக்காது" என்பார். பிறந்தநாள் விருந்துக்குக்கூட அண்ணன் டப்பாவில் பழத்தோடுதான் வருவார்.

இன்று அவர் படத்துக்கு முன்னால் இலை நிறைய மட்டன் பெரட்டல். பக்கத்தில் பிராந்தி.

"அவருக்கு ரொம்பப் பிடிக்கும்லா தம்பி" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என் பக்கம் குனிந்து, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "போஸ்ட்மார்ட்டம் செஞ்ச டாக்டரே அசந்துட்டாராம். ரத்தக் குழாயெல்லாம் சின்னப் பையனுக்கு இருக்கிற மாதிரி அவ்வளவு சுத்தமாம்!"

சாமி கும்பிட்டு முடிந்ததும் அந்த மட்டனை நாங்கள்தான் சாப்பிட்டோம். அருமையாக இருந்தது. அண்ணன் படத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து நம் இணையக் குழுவுக்கு இந்த மின்னஞ்சலைத் தட்டுகிறேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் என் மனைவி பப்பாளி நறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் எப்படி? மட்டன் கிடைக்க நீங்களும் செத்துத்தான் ஆகவேண்டுமா?