சுகர் டெஸ்டுக்கு வந்தவரும் திரையில் முளைத்த மரமும்

விழுப்புரத்தில் என் அக்கா ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறாள். காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டித் தன் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தாள். நாள் முழுக்க அதில் வெறும் நீலம்தான். "எதனா அழகா போட்டுக் குடுடா" என்றாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினேன்.

நான் போட்டது தானாகவே படம் வரைகிற ஸ்கிரீன்சேவர். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மரம் முளைத்துக் கிளை விடும். ஆனால் அதற்கு அழுத்துகிற பொத்தான் எதுவும் கிடையாது. நிறம், வேகம், கிளை எல்லாவற்றையும் கட்டளையாகவே அடிக்க வேண்டும். சிவப்பு என்று அடித்தேன். கிளைகளின் எண்ணிக்கையில் ஒரு பூஜ்யம் கூடிப்போனது தெரியாமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், திரை முழுக்கச் செக்கச்செவேலென்று நரம்பு நரம்பாகப் பின்னிக்கொண்டிருந்தது. கண்டாச்சிபுரத்து விவசாயி ஒருவர், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்தியபடி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் ரத்தமாடி?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பின்ன? இப்பதானே எடுத்தாங்க. நேத்து கல்யாணத்துல வேணாம் வேணான்னாலும் ஜாங்கிரிய துன்னுக்கினே இருந்தியே!"

"ரெண்டுதான்டி துன்னேன்."

"நாலு! அங்க காட்டுதே, பாரு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எதிர் பெஞ்சுக்காரர், "எனுது எப்ப வரும்?" என்று அக்காவைக் கேட்டார்.

"பேஜாரு பண்ணாம ஜல்தி மாத்துடா" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் சுவர்த் திரையில் வெள்ளையாக விழுந்தது. பெஞ்சுகளில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். "சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார் விவசாயி.

"ஐயா, அது உங்க ரத்தம் இல்லீங்க. சும்மா படம்."

"மனசு ஒடையக் கூடாதுன்னு சொல்றாரு" என்றாள் அவர் மனைவி.

பூஜ்யத்தை எடுத்தேன். நிறத்தைப் பச்சையாக்கினேன். ஒரு சின்னச் செடி நிதானமாக முளைத்து நாலைந்து இலை விட்டது. பெஞ்சு மொத்தமும் பெருமூச்சு விட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டாவது முறை ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அக்கா சொன்னபோது விவசாயி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "அதான் சரியாய்டுச்சே, எதுக்கு இன்னொருவாட்டி குத்தறீங்க?" அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவர் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சாப்பிட வைத்து, திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

ரிப்போர்ட்டில் சர்க்கரை எக்கச்சக்கம். அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் என் பக்கம் வந்து மெல்லச் சொன்னார்:

"சார், இது வேணாம். அந்தப் பச்சைய பிரிண்ட் போட்டுக் குடுங்க."