தகரக் குழாயில் கையை விட்டவர்

அறுபதுகளில் மன்னார்புரத்தில் நாங்கள் குடியேறிய கம்பெனி பங்களாவில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார என்ஜினீயர் துணி உலர்த்தும் மிஷின் ஒன்றை விட்டுப் போயிருந்தார். அடைமழை நாட்களில் குழந்தையின் துணிகளை அதில்தான் காயவைத்தேன். ஒருநாள் கருகல் நாற்றம் அடித்தது. அரியமங்கலம் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார்.

நெட்டையான மனிதர். எதைத் தொட்டாலும் விரலை முகர்ந்து பார்ப்பார். சூடான காற்று வெளியேறும் தகரக் குழாய்க்குள் தோள்வரை கையை விட்டார். ஈரப் பஞ்சும் தலைமுடியும் சேர்ந்து கொழகொழத்த உருண்டை ஒன்று வந்தது. அதற்குள் அழுகிய எலிக்குஞ்சுகள். அதையும் முகர்ந்தார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“குழாய் அடைச்சு, உள்ள பஞ்சு கருகியிருக்கும்மா. இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தீங்கன்னா வீடே பத்தியிருக்கும். மாசம் ஒருக்கா நீங்களே எடுத்துடுங்க.”

“நானா? இந்தக் கண்றாவியையா?”

“உங்க வீட்டுத் துணியில உதிர்ந்ததுதானம்மா,” என்றார்.

சோப்புப் போட்டு முழங்கைக்கு மேல்வரை கழுவிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். டம்ளரில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. செம்பை உயரத் தூக்கி அவர் கையில் ஊற்றினேன். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து குடித்துவிட்டு, “போயிட்டு வரேம்மா” என்று கிளம்பினார்.

அந்தக் கையில் அப்போது துளி அழுக்கு இல்லை. அப்படியானால் எதை அருவருத்தேன் என்று யோசித்தால், இன்றும் என்னையே எனக்குப் பிடிக்காமல் போகிறது.