கோட்டைக்குள் விழுந்த பந்து

அந்தப் புத்தகத்தை நான் அதன் தடிப்புக்காகத்தான் வாங்கினேன். சிட்னியில் தடுப்பு முகாமில் இருந்த ஒருவர் கேட்டதும் அதைத்தான். ஆங்கிலம் பழக ஒரு புத்தகம் வேண்டும், அது கெதியில் முடியக்கூடாது. பிளாக்டவுனில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் தலையணை மாதிரி ஒன்று கிடந்தது. வீட்டுக்கு வந்துதான் திறந்து பார்த்தேன். ஆயிரத்து எழுநூறுகளில் வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டதையும், பிறகு அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஆங்கிலேயருக்கு எதிராக எழும்பியதையும் பற்றிய புத்தகம். ஒரு காதல் கதையாகப் பார்த்து வாங்கியிருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அது 2011. ஊரில் யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. யுத்தம் நடந்த நாட்களில் ஊர்வலம் போய்க் கத்தித் தொண்டை கட்டியதோடு சிட்னியில் எங்கள் வீரம் முடிந்துவிட்டது. அதன் பிறகு கையால் செய்யக்கூடியதாக இருந்தது, படகில் வந்து முகாமில் அடைபட்டவர்களுக்குச் சோறு கொண்டுபோவது ஒன்றுதான். சனிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கோயிலில் பழக்கமான ஒரு அன்ரியையும் ஏற்றிக்கொண்டு முகாமுக்குக் காரை விடுவேன்.

புத்தகம் கேட்டவருக்கு நாற்பது வயதிருக்கும். வன்னியில் ஒரு கூட்டுறவுக் கடையை நடத்தியவர். என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அவர் அகதிதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் சரிவரவில்லை என்றார்கள். ஏன் என்று அவருக்கும் சொல்லவில்லை, அவருடைய லோயருக்கும் சொல்லவில்லை. அகதி என்பதால் திருப்பி அனுப்ப முடியாது, ஆபத்தானவர் என்பதால் வெளியே விட முடியாது. இப்படி ஒரு மனிதரை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டால், அதற்கும் பதில் இல்லை. எனக்குப் பொறுமை குறைவு. என்னை அப்படி வைத்திருந்தால் முதல் மாதமே சுவரில் முட்டியிருப்பேன்.

அவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். அகராதியை வைத்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் என்று படித்து, சனிக்கிழமை எங்களுக்குச் சொல்லுவார். பூர்வகுடிகளின் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோலத்தான் இருந்தது. பிரெஞ்சு ராசா தோற்றுப்போய், அவர்களுடைய நிலத்தையெல்லாம் ஆங்கில ராசாவுக்கு எழுதிக் கொடுத்தார் என்று அவர் சொன்னதும், “ஊரான் வீட்டு நெய்யே, என்ர பெண்சாதி கையே” என்றாள் அன்ரி. தோற்றது பிரெஞ்சுக்காரன், நாங்கள் தோற்கவில்லையே என்று பூர்வகுடித் தலைவர்கள் கேட்டார்களாம். அந்த இடத்தை அவர் இரண்டு தரம் சொன்னார்.

பிறகு வந்தது பந்துக் கதை. நாங்கள் கொண்டுபோன சோற்றுப் பெட்டியைக் கோட்டை என்று மேசை நடுவில் வைத்தார். ஒரு மண்டரின் பழம் பந்து. கோட்டைக்கு வெளியே பூர்வகுடிகள் ஆளை ஆள் தள்ளிப் பந்து விளையாட, ஆங்கிலச் சிப்பாய்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பக்கத்தில் பெண்கள் கம்பளி போர்த்தியபடி சும்மா நிற்கிறார்கள். அதற்கு ஒரு பிளாஸ்ரிக் கரண்டியைக் கடதாசித் துவாயால் மூடி வைத்தார். பந்து எகிறிக் கோட்டைக்குள் விழுகிறது. எடுக்கப் போகிறவர்கள் மாதிரி எல்லோரும் உள்ளே ஓடுகிறார்கள். ஓடும்போது பெண்களின் கம்பளிக்குள் இருந்து ஆயுதம் கைமாறுகிறது. மண்டரின் சோற்றுக்குள் போய் விழுந்தது. அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வாயைப் பொத்தவில்லை.

காவலர் எங்கள் பக்கம் வந்தார். நல்ல மனிதர், பெரிய உடம்பு. என்ன பகிடி என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கிரிக்கெட் கதைக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார் தம்பி. காவலர் தலையாட்டிவிட்டுப் போனார். தம்பி பழத்தைச் சோற்றுக்குள் இருந்து எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதையும் என்ர ஃபைலில எழுதுவினமோ, அக்கா?”

“எதை?”

“நான் கோட்டை பிடிக்கிற கதை சொன்னதை.”

காவலருக்குத் தமிழ் தெரியாது, அது இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கதை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“என்ன எழுதி வைச்சிருக்கினம் எண்டு தெரிஞ்சா, எதைக் கதைக்கக் கூடாதெண்டு தெரியும். அது தெரியாதபடியால் எல்லாத்துக்கும் பயமாக் கிடக்கு.”

அடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பித் தந்தார். அது அறையில் கிடந்தால் நித்திரை வருகுதில்லையாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. கார் பென்டில் ஹில் வீட்டுக்குத் திரும்புவதற்குள் அந்தக் கோபம் நாட்டின்மேல் போய், என்மேலும் வந்தது. ஒரு மனிதருக்கு மிஞ்சியிருந்த ஒரே பொழுதுபோக்கையும் அல்லவா வெறும் பெட்டிகளோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்தேன்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அதற்கடுத்த கிழமை சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், “அங்க பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் நான் படித்தேன், சனிக்கிழமை நான் சொன்னேன். கோட்டை, துவக்கு, படை என்ற சொற்களை விட்டுவிட்டோம். எங்கள் ஆட்களுக்கா சொல்லித் தரவேண்டும்? முழு யுத்தத்தையும் ஒரு காணித் தகராறாக மாற்றிக்கொண்டோம். பிரெஞ்சு ராசா பெரியப்பா, ஆங்கில ராசா சித்தப்பா, பூர்வகுடிகள் காணிக்காரர். ராசா மலைத்தொடர் நீளத்துக்கு ஒரு கோடு கீறி, இதைத் தாண்டி என் குடிகள் ஒருவரும் போகக்கூடாது என்றது சித்தப்பா போட்ட வேலி. குடிகள் அதைத் தாண்டிப் போனார்கள். வேலிக் கதியாலை மற்றவன் காணிக்குள் அரக்கி நட்டதாகச் சொன்னேன். “அது செய்வினம்” என்றார் தம்பி. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பார்க்காதவர் யார்? அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டுப் பிரசை நான், காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் குசுகுசுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதி பிள்ளைகளைப் பற்றியது. பூர்வகுடிகள் சண்டைகளில் பிடித்துக்கொண்டு போன வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலர், செத்துப்போன அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளின் இடத்தில் வளர்ந்திருந்தார்கள். சித்தப்பா பெரிய கூட்டத்தோடு வந்து, எல்லோரையும் திருப்பித் தந்தால்தான் சமாதானம் என்றார். பெற்றவர்களின் பாசையையே மறந்துவிட்ட பிள்ளைகள் போகமாட்டோம் என்று அழுதார்கள். சிலரைக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. வளர்த்தவர்களில் சிலர் விட்டுப் பிரியவில்லை. சோளமும் இறைச்சியும் காவிக்கொண்டு, பிள்ளைகள் வழியில் பசி கிடக்கக்கூடாது என்று பின்னாலேயே நடந்தார்கள். இதைச் சொல்லும்போது நான் மேசையில் இருந்த சோற்றுப் பெட்டியைப் பார்க்காமல் சொன்னேன். அன்ரி அழத் தொடங்கிவிட்டாள்.

தம்பி அழவில்லை.

“கொண்டு போகேக்க, ஏன் கொண்டுபோறம் எண்டு அந்தப் பிள்ளையளுக்குச் சொன்னவையோ, அக்கா?”

அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியே இருக்கவில்லை. ஆனால் புத்தகத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. எல்லோரையும் இருத்தி வைத்து, மொழி தெரிந்த ஆளைக்கொண்டு, வெளிவெளியாகத்தான் பேசியிருந்தார்கள்.

“ஓம் தம்பி. சொன்னவை.”

அவர் தலையாட்டினார். பெட்டியின் மூடியை எடுத்து, நாலு பக்கமும் அமத்தி மூடி, என் பக்கம் தள்ளி வைத்தார்.

“அப்ப பரவாயில்லை” என்றார்.