எழ விடாத நாற்காலி

"சரி... நாங்க கெளம்புறோம்" என்று சொன்ன மனிதர், சொல்லிவிட்டு அப்படியே படுத்திருந்தால் என்ன அர்த்தம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையகத்துப் பொகவந்தலாவையில் என் மச்சான் செல்வத்தின் வீட்டு ஹாலில், எங்கள் எல்லோருக்கும் இதே கேள்விதான். வாயைத் திறந்து கேட்கத்தான் ஆளில்லை. ஏனென்றால் படுத்திருந்தவர் மாப்பிள்ளையின் அப்பா!

இதைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது என்று வீட்டில் தடை போட்டிருந்தார்கள். நேற்றுத்தான் தடை நீங்கியது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

செல்வம் என் மனைவி சரோஜாவின் தம்பி. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பு அவனுடையது. அவர்கள் தோட்டத்துத் துரை பங்களா ஹோட்டலாக மாறியபோது, பழைய சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார்கள். ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டார்கள். செல்வம் போய்ச் சேர்வதற்குள் மிஞ்சியது ஒரே ஒரு நாற்காலி.

தேக்கு மரம். மெலிந்த நாலு கால். வழவழவென்று இரண்டு கைப்பிடி. உட்காரும் இடமோ முழங்காலுக்கும் கீழே. முதுகுப் பக்கம் பின்னால் சாய்ந்து... சாய்ந்து... அடுத்த அறைக்கே போய்விடும் போலிருக்கும்.

"பின்னங்கால் கட்டையாப் போச்சு மச்சான். அதான் சரிஞ்சு கெடக்கு" என்று செல்வமே நோயைக் கண்டுபிடித்து, செல்வமே வைத்தியமும் பார்த்தான். பின்னங்கால்களுக்கு அடியில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைத் துண்டுகள். அறுந்துபோன ரப்பர் வாருக்குப் பதிலாக சைக்கிள் டியூப். மெத்தைக்கு எங்கோ கழித்துப் போட்ட பஸ் சீட். அதன் பிறகு நாற்காலி நிமிர்ந்து உட்கார்ந்தது. செல்வமும் அதில் நிமிர்ந்து உட்கார்ந்து வருடக்கணக்காகப் பேப்பர் படித்தான். ஒரு குறையும் இல்லை.

குறை என்னால் வந்தது.

ஒருநாள் என் போனில் அதே ஜாடையில் ஒரு நாற்காலிப் படம். தொட்டேன்... தொலைந்தேன். அதற்குப் பிறகு அந்தப் போன் எனக்கு நாற்காலியைத் தவிர வேறு எதையும் காட்ட மறுத்துவிட்டது. மிட் செஞ்சுரி மாடர்ன்! லவுஞ்ச் சேர்! போன நூற்றாண்டின் நடுவில், உலக யுத்தம் முடிந்த கையோடு, மனிதன் எப்படிச் சாய வேண்டும் என்று பெரிய பெரிய டிசைனர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு புருஷனும் மனைவியும் பலகையைச் சூடுகாட்டி அப்பளம் மாதிரி வளைத்தார்களாம். டென்மார்க்காரர் ஒருவர் கடற்கரைக்குப் போன இடத்தில் மணலில் பள்ளம் தோண்டி, அதில் சாய்ந்து பார்த்து, அந்தச் சாய்வையே நாற்காலியாக வரைந்தாராம். நாமும்தான் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறோம். கடலை கொறித்துவிட்டு வருகிறோம்!

இதையெல்லாம் சரோஜாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. அந்த மனுசன் மணல்லேருந்து எப்படி எந்திரிச்சாருன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. அந்த நேரமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இனி கல்யாணக் கதை. செல்வத்தின் மகள் திலகா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நுவரெலியாவில் வேலை பார்க்கும் பிரகாஷும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். நல்ல பையன். ஒரே சிக்கல் அவன் அப்பா. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து பறிக்கும் மலையெல்லாம் அவர் பொறுப்பு. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் தொண்டையைச் செருமினால், கூடைகள்கூட நேராக நிற்கும் என்பார்கள்.

சாதியா, சீதனமா, ஜாதகமா? எதுவும் இல்லை. பெண்ணின் அப்பா டீமேக்கர். அதுதான் குற்றம்!

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். மலைக்கும் ஃபெக்டரிக்கும் ஆகவே ஆகாது. தேயிலை நன்றாக வந்தால் டீமேக்கரின் கைராசி. கெட்டுப்போனால்? "கொழுந்து முத்தல், நாங்க என்னா செய்ய?" என்று டீமேக்கர் கையை விரிப்பார். துரையிடம் திட்டு வாங்குவது கண்டாக்கு. உத்தியோகக் காலம் முழுக்க அப்படித் திட்டு வாங்கிய மனிதர், டீமேக்கர் வீட்டில் சம்பந்தம் பண்ணுவாரா?

மகனின் பிடிவாதத்துக்காக ஒரு நடை வர மட்டும் ஒத்துக்கொண்டார். முதல் நாளே பிரகாஷ் திலகாவுக்கு போன் பண்ணிவிட்டான். "அப்பா வருவாரு. பிளேன்டீ மட்டும் குடிப்பாரு. கை நனைக்காம 'கலந்து சொல்லி அனுப்புறோம்'னு எந்திரிப்பாரு. எந்திரிச்சிட்டாருன்னா அவ்வளவுதான் திலகா. அப்புறம் அந்தச் சாமியே வந்தாலும் மனசு மாற மாட்டாரு."

திலகா அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கியது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஏதாவது செய்ய வேண்டும்... என்ன செய்யலாம்?

அந்த மனிதரை உலகத் தரத்தில் உட்கார வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் போய், நாற்காலியை ஹாலின் நடுவில் போட்டு, அடியிலிருந்த பலகைத் துண்டுகளை உருவி எறிந்தேன்.

"என்னா மச்சான் இது! மறுபடி சரிஞ்சு போச்சே!" என்றான் செல்வம்.

"சரியலடா, அதுதான் டிசைன்! ஒரு மேதை கணக்குப் போட்டு வச்ச சாய்வு. இத்தனை வருசமா அதுக்கு நீ முட்டுக் குடுத்து வச்சிருக்கே" என்றேன். அப்படி ஒரு பெருமிதம் எனக்கு.

மனைவியும் பிரகாஷும் பின்னால் வர, கண்டாக்கையா வந்தார். பருத்த உடம்பு, வெள்ளை வேட்டி, கோட்டு, கையில் குடை. "இங்க உக்காருங்கய்யா" என்று நானே நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார். அதாவது, உட்காரத் தொடங்கினார். போனார்... போனார்... போய்க்கொண்டே இருந்தார். சைக்கிள் டியூப் முனகியது. ஒருவழியாக இறங்கி நின்றபோது அவர் முழங்கால் நெஞ்சுக்கு நேரே இருந்தது. முகம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தகரம் ஒழுகுதா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்கய்யா" என்று செல்வமும் கூரையைப் பார்த்தே பதில் சொன்னான்.

அடுத்த சிக்கல். பெரியவரை விட உயரத்தில் நாம் உட்காரலாமா? செல்வம் நாற்காலியிலிருந்து ஸ்டூலுக்கு இறங்கினான். அப்போதும் அவர் தலை கீழேதான். பாய்க்கு இறங்கினான். அவன் இறங்கியதும் நாங்களும் இறங்கினோம், மாப்பிள்ளை உட்பட. நாலு நல்ல நாற்காலிகள் காலியாக நிற்க, ஹால் முழுக்க எல்லோரும் தரையில்! வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், இழவு வீடோ என்று பதறி, குளிர்த் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

திலகா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். குனிய வேண்டிய அவசியமே இல்லை. பாதம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, அவள் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருந்தன.

கண்டாக்கையா பிளேன்டீயைக் குடித்தார். வடையையும் கேசரியையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். திலகாவின் முகம் செத்துப்போனது.

"சரி... நாங்க கெளம்புறோம். கலந்து சொல்லி அனுப்புறோம்."

எழுந்தாரா? இல்லை!

கைப்பிடியை அழுத்தினார். உடம்பு கொஞ்சம் உயர்ந்தது. டியூப் அவரைப் பாசத்தோடு திரும்ப இழுத்துக்கொண்டது. இன்னொரு முறை. ம்ஹூம். நாங்கள் எல்லோரும் சுவரில் இருந்த முருகன் கலண்டரை மும்முரமாகப் படித்தோம். கை கொடுக்கலாம் என்று நான் அசைந்தேன். சரோஜா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஒன்று, மலை மலையாக ஏறி இறங்கிய மனிதருக்குக் கை கொடுப்பது அவமானம். இரண்டு... அவர் எழுந்தால் திலகாவின் கதை முடிந்தது!

வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வேன் டிரைவர் வாசலுக்கு வந்து, "மாத்தயா, யமுத?" என்றார். போகலாமா என்று சிங்களத்தில் கேட்டால், பாவம், அந்த மனிதர் என்ன சொல்வார்?

"பொட்டக் இன்ன... கொஞ்சம் பொறு" என்றார் கூரையிடம்.

அப்போதுதான் உள்ளே பெண்களோடு இருந்த அவர் மனைவி ஹாலுக்கு வந்தார். புருஷனைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அழுது சிவந்த திலகாவின் மூக்கைப் பார்த்தார். நிதானமாக உட்கார்ந்து ஒரு வடையைக் கையில் எடுத்தார்.

"இவரு கெளம்புறோம்னு சொன்னா டக்குனு எந்திரிச்சிருவாரு. இன்னைக்கு எந்திரிக்க மனசே வரல பாருங்க. வீடு புடிச்சுப் போச்சு" என்றார். வடையைக் கடித்தார்.

"நான் எப்ப சொன்னேன்?" என்றது நாற்காலி.

"புடிக்காட்டி எந்திரிங்க."

 கண்டாக்கையா இன்னொரு முறை கைப்பிடியை அழுத்திப் பார்த்தார். பிறகு மெதுவாக, யாரையும் பார்க்காமல், செல்வத்தைக் கேட்டார்.

"டீமேக்கரே... ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லணும். டீ கெட்டுப்போனா, அது யாரால?"

 செல்வத்தின் அப்பாவும் டீமேக்கர். பரம்பரைக் கௌரவம்! தரையில் உட்கார்ந்தபடியே மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஃபெக்டரியாலதாங்கய்யா" என்றான். "கொழுந்து எப்பவும் நல்லாத்தான் வரும்."

ஒரு டீமேக்கர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததாக மலையகத்தில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை. கண்டாக்கையாவின் முகத்தில் ஒரு சாந்தி படர்ந்தது. அது அந்த டிசைனர் போட்ட கணக்கால் வந்த சாந்தியே இல்லை.

பிரகாஷ் கெட்டிக்காரன். திலகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் குனிந்தான். "ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். ஒன்று மகனின் தோளில், ஒன்று திலகாவின் தோளில். இறுக்கிப் பிடித்தார். இருவரும் நிமிர்ந்தார்கள். கூடவே அவரும் நிமிர்ந்தார்! டியூப் பெருமூச்சு விட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். திலகாவின் அம்மா ஓடி வந்து அவர் வாயில் கேசரியைத் திணித்தாள். நான் மட்டும் எழவில்லை. இவ்வளவு நேரம் தரையில் மடித்து வைத்திருந்த முழங்கால் பிடித்துக்கொண்டது. வேன் டிரைவர் வந்துதான் தூக்கினார்.

மாப்பிள்ளை வீட்டார் போட்டது ஒரே ஒரு கண்டிஷன். அந்த நாற்காலி கல்யாண மண்டபத்துப் பக்கம் வரக் கூடாது. செல்வம் அன்று மாலையே பலகைத் துண்டுகளைத் தேடி எடுத்துப் பழையபடி முட்டுக் கொடுத்துவிட்டான். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

நேற்றுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மஞ்சள் தடவிய அட்டையில், வழக்கம்போல 'பெரியோர்கள் நிச்சயித்தபடி' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெரியோர்களில் ஒருவருக்கு நாலு கால்.