வண்டிக்கு முன்னே வந்த மரூன் சீட்டு

சீட் கவர் அன்வர் பாய் போய்விட்டார்.

காலை ஷிஃப்டில் டீ பிரேக்குக்கு வந்து மொபைலைத் திறந்தால் அவர் மகனின் மெசேஜ். ஹார்ட் அட்டாக்... அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

படித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். திரும்ப லைனுக்குப் போய் இன்ஸ்பெக்‌ஷன் வேலையைப் பார்த்தேன்.

நான் இங்கே போடும் பத்மினி கார் படங்களைப் பார்த்துச் சலித்துப்போன நண்பர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. எந்தப் படத்திலும் அவர் இல்லை. ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு சின்னக் கடை, ஒரு தையல் மெஷின், சுற்றிலும் ரெக்ஸின் சுருள்கள்... அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டிக்காரர் ஷெட்டில், கோழி அடைத்து வைத்திருந்த பழைய பத்மினி காரை ஆசைப்பட்டு வாங்கினேன். வாங்கிய வேகத்தில் மொத்தத்தையும் கழற்றிப் போட்டேன். கழற்றுவது சுலபம்.

ஒரு இடத்தில் துருவைச் சுரண்டினால் பக்கத்தில் ஓட்டை விழும். டிங்கர் வேலைக்கு வந்தவர் மாங்காய் சீசன் என்று நாகரசம்பட்டிக்குப் போனார், போனவர் போனவர்தான்.

எதிர்வீட்டு அம்மா தினமும் வாசல் தெளித்துக்கொண்டே கன்னடத்தில் கேட்பார், "காரு யாவாக ஓடுத்தெ?" எப்போ ஓடுமாம்... எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

எலி குடும்பம் நடத்திய பழைய சீட்டுகளை வைக்க வீட்டில் இடமில்லை. கொஞ்ச நாள் கடையில் போட்டு வைக்க முடியுமா என்று கேட்கத்தான் பாயிடம் போனேன்.

"என்ன கலரும்மா?"

"பாய், வண்டிக்கு ஃப்ளோரே இல்ல."

"நான் ஃப்ளோரைக் கேக்கலியே. கலரக் கேட்டேன்."

"ஏதோ ஒண்ணு பாய்" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, சீட்டுகளை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். டிங்கர், இன்ஜின், வயரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் சீட்டு. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கொஞ்ச நாளில் மினி ஆட்டோவில் சீட்டுகள் வாசலில் வந்து இறங்கின. மரூன் ரெக்ஸின், தையல் ஓரத்தில் நாடா மாதிரி வெள்ளை பைப்பிங். சும்மா சொல்லக்கூடாது, கண்ணைப் பறித்தது.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். "சீட்டு வந்துருச்சு சுதா. காரு எங்க?"

பாய்க்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"எல்லாரும் கடைசிலதான் எங்கிட்ட வராங்கம்மா. வரதுக்குள்ள பாதிப் பேரு வெறுத்துப்போயி வண்டிய எடைக்குப் போட்டுர்றாங்க. எனக்கு வேலையே வரமாட்டேங்குது. அதான் இப்பல்லாம் மொதல்லயே தெச்சுர்றது."

இதெல்லாம் ஒரு காரணமா என்று அன்று தோன்றியது.

வேறு வழியில்லாமல் அடியில் ஹாலோ பிளாக் கொடுத்துப் பின் சீட்டை ஹாலில் போட்டோம். முணுமுணுத்த வீட்டுக்காரரே அதில் சாய்ந்து கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். யார் வந்தாலும் சோபாவை விட்டுவிட்டு அதில்தான் உட்காருவார்கள்.

பாய் எங்கள் தெருப்பக்கம் வந்தால் எட்டிப் பார்ப்பார். வாசலில் நிற்கும் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நேராக ஹாலுக்கு வந்து பைப்பிங்கைத் தடவிப் பார்ப்பார். "பாக்கெட்ல சாவிய வெச்சிக்கிட்டு உக்காராதீங்க சார், கிழியும்" என்று வீட்டுக்காரருக்கு ஒரு அதட்டல்.

"வண்டியையும் கொஞ்சம் பாருங்க பாய்."

"அது உங்க வேல."

அப்புறம்தான் இன்ஜின் பிளாக்கில் விரிசல் என்று தெரிந்தது. எனக்கு வெறுத்துப்போனது. நானே பழைய இரும்புக்காரரை வரச் சொன்னேன்.

அவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் கேட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார்... அந்த சீட்டில்தான். கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் சேத்துத்தானுங்க?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே வீட்டுக்காரர் சொன்னார், "சீட்டு குடுக்கறதில்ல."

"வெறும் சீட்ட வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

வாங்கின நாளிலிருந்து தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்ற மனுஷன் கொஞ்சம் யோசித்தார்.

"அதானே... அப்ப வண்டியும் இருக்கட்டும். நீங்க தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

பாயிடம் போய் இதைச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வண்டி தப்பிச்சுது" என்றார். கதவு உள்பக்கத்துப் பேடுக்கு அளவெடுக்க எப்போ வரட்டும் என்று உடனே அடுத்த கேள்வி.

பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் வேறு பிளாக் கிடைத்தது. ஃப்ளோர் போட்டாயிற்று, வயரிங் முடிந்தது. போன வாரம் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது.

பாய்க்கு வீடியோ அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சத்தம் நல்லா இருக்குதும்மா. சீட்டு மாட்டறப்ப என்னைக் கூப்புடு. வேற யாரும் கை வெக்கக் கூடாது."

பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா... எனக்குக் கோபமாகத்தான் வருகிறது.

ஷிஃப்ட் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் அடக்கத்துக்கு மையவாடி வரைக்கும் போனார்.

திரும்பி வந்தார். சீட்டில் உட்காரப் போனார்... நின்றார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பெயிண்டர் என்ன கலர், என்ன கலர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மரூன் சீட்டுக்கு எடுப்பாக இருக்கிற மாதிரி பார்த்து அடிக்கச் சொல்லிவிட்டேன்.

போய் வாங்க பாய். சீட்டு ரெடியா இருக்கு... வண்டிதான் வந்துக்கிட்டிருக்கு.