தீவுக்குப் போகாத பதினாறு மாதங்கள்

என் கணவரின் நோய் முதலில் தலைகாட்டியது எங்கள் மகள் கல்யாணத்தில், மண்டப வாசலில். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சாம்பாரில் உப்பு கூடிப்போனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், "வாங்க" சொல்லாததைப் பொறுக்க மாட்டார்கள். அன்று பாதிக் கூட்டம் வருவதற்குள்ளேயே அவருக்குக் குரல் நின்றுபோனது. கையை மட்டும் கூப்பிக்கொண்டு நின்றார்.

நாலு காசு வந்ததும் கௌரவம் ஏறிவிட்டது என்று உறவில் பேச்சு கிளம்பியது. அவருடைய பெரியம்மா மகன் அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நானும் அவரைச் சும்மா விடவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டேன். "முடியல சாந்தா" என்றார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டிருந்தால், கோபித்துக்கொள்வதற்கு முன் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நாங்கள் ஒரு வருடத்தைக் கோபத்திலேயே தொலைத்தோம்.

கோயமுத்தூரில் கணபதி என்ற இடத்தின் பக்கம் என் கணவர் சிறிய பவுண்டரி வைத்திருந்தார். பம்புசெட்டுக்கான பாகங்களை மணல் அச்சில் வார்த்தெடுக்கும் வேலை. முதலாளி என்று பெயர்தான். ஆள் வராத நாளில் மணல் சலிப்பதும், ஆறிய வார்ப்பிலிருந்து மணலைத் தட்டி உதிர்ப்பதும் அவர்தான். முகத்தில் ஈரத்துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்வார். இருபத்தாறு வருடம் அந்தத் துண்டுகளைத் துவைத்தவள் நான். அதிலிருந்து இறங்கும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து, தூசி எல்லாம் இதிலேயே நின்றுவிடுகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

முதலில் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் திறன் சோதனையும் செய்தார்கள் (குழாயில் பலம்கொண்ட மட்டும் ஊதி, எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று பார்ப்பது). சிலிகோசிஸ் என்றார் மருத்துவர் (நுண்ணிய மணல்தூசி நுரையீரலில் படிந்து, அந்த இடமெல்லாம் தழும்பாக இறுகிப்போகும் நோய்).

"உள்ள போனதை வெளிய எடுக்க முடியாதுங்க. இன்னும் போகாம பார்த்துக்கலாம். தூசி இல்லாத இடமா இருங்க" என்றார் மருத்துவர். அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் என் கணவர் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

பவுண்டரியைப் பங்காளியிடம் ஒப்படைத்தார். வீட்டில் உட்கார்ந்த சில வாரங்களில், அவரிடம் பம்பு பாகங்கள் வாங்கிக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் நலம் விசாரித்துப் பேசினார். அவர் அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து படகில் போகவேண்டிய ஒரு சின்னத் தீவில் குடியேறியிருந்தார். பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்கு இருப்பதாகச் சொல்லி வீடியோ அனுப்பினார். நீல வாசல், முன்னால் மணல், அதற்கப்புறம் கடல்.

கோயமுத்தூர்க்காரருக்குத் தன் ஊர்க் காற்றின்மேல் உள்ள பெருமை தெரியும் அல்லவா? சிறுவாணித் தண்ணீரையும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் இவரே கொண்டுவந்தது போலப் பேசுகிறவர். அப்படிப்பட்டவர் தினமும் காலையில் செல்போனில் அந்தத் தீவின் வெயில் எவ்வளவு என்று பார்க்கத் தொடங்கினார். "இன்னைக்கும் இருவத்தெட்டுதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்று எனக்குப் படித்துக் காட்டுவார். தென்னையைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டுமா, பொள்ளாச்சி பஸ் போதாதா என்று கேலி செய்தேன். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

கேலியால் அதை நிறுத்த முடியவில்லை. மருத்துவரிடம் கேட்டோம். போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கரண்ட் எப்படி, பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். படகுதான் என்றேன். கடல் சரியில்லாத நாளில் படகு இருக்காதே என்றார். அந்த நிமிஷமே எனக்குள் முடிவாகிவிட்டது.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். மகள் அப்போது மாசமாக இருந்தாள். முதல் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டேன். என்னை யாருக்கும் தெரியாத ஊரில் போய் உட்காரவும் மனம் வரவில்லை. இவை எதையும் அவரிடம் சொல்லவில்லை. நோயாளியிடம் என் ஆசையைச் சொல்வது சுயநலம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"டாக்டரும் வெட்டிச் சொல்ல மாட்டேங்கறாரு, நீயும் சொல்ல மாட்டேங்கற. சாமிகிட்டயே கேட்டுப்போடலாம்" என்றார் ஒருநாள்.

எங்கள் வழக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் குலதெய்வத்திடம் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோல இலையில் மடித்து நூல் சுற்றி, சாமி முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் கல்யாணமும், பவுண்டரிக்கு இடம் வாங்கியதும், மகள் சம்பந்தமும் அப்படிக் கேட்டுத்தான். பொட்டலம் மடிப்பது எங்கள் குடும்பத்தில் வீட்டுப் பெண்களின் வேலை.

காரமடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது கோயில். கார் நிற்கும் இடத்திலிருந்து சன்னதிக்கு நடக்க அவர் மூன்று முறை நின்றார். நான் முன்னால் போய், மடைப்பள்ளி ஓரம் உட்கார்ந்து மடித்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்தேன்.

கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாதது. அவர் வெகுநேரம் கண்ணை மூடிக் கும்பிட்டார். எடுத்தார், பிரித்தார், பார்த்தார். "சரி, வேண்டாங்குது" என்று பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மேட்டுப்பாளையம் ரோட்டில் கார் ஜன்னல் வழியாக எறிந்தேன்.

அதன்பிறகு அவர் தீவைப் பற்றிப் பேசவே இல்லை. சாமி சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். காலையில் செல்போனைப் பார்ப்பது மட்டும் தொடர்ந்தது, எனக்குப் படித்துக் காட்டுவது நின்றது.

பேரன் பிறந்தான். அவனைத் தூக்கிவைத்துக்கொள்ள இவருக்கு மூச்சு போதவில்லை. படுக்கையில் பக்கத்தில் கிடத்தினால் பார்த்துக்கொண்டிருப்பார். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வந்தது (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்சாரக் கருவி). அதன் குழாய் மூக்கிலிருந்து குளியலறை வரை எட்டும், வாசல் வரை எட்டாது. எதிர்மனையில் வீடு கட்டத் தொடங்கினார்கள். எம்-சாண்ட் (கருங்கல்லை அரைத்துச் செய்யும் மணல்) லாரி வந்து கொட்டும்போதெல்லாம் ஓடி ஓடி ஜன்னலைச் சாத்தினேன். எந்தத் தூசிக்குப் பயந்து போக நினைத்தாரோ, அது வீடு தேடி வந்தது.

மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்திப் பேசும் நிலைக்கு வந்தபின் ஒரு மத்தியானம், "அந்த நீல ஊட்டுல... வேற ஆளு குடி... வந்துட்டாங்களாமா?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தானுங்க வெச்சேன்" என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரில் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) எண்பத்தாறு என்று காட்டியது.

"அன்னைக்கே சொல்லியிருந்தீன்னா... சண்டை போட்டிருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னைக்கு அதுக்கு... மூச்சு இருந்துச்சு."

இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். கஞ்சியைக் கொடுத்தால் குடித்தார், முகம் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் செல்போனை என் பக்கம் தள்ளி, "அங்க எவ்வளவுன்னு... பாரு" என்றார். படித்துச் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் நான்தான் படித்தேன். மன்னித்தாரா என்று தெரியாது. கேட்டால் பதில் சொல்ல அவர் மூச்சைச் செலவழிக்க வேண்டியிருக்கும் என்று கேட்கவில்லை.

கோயிலுக்குப் போய்வந்த பதினாறாம் மாதம், ஆஸ்பத்திரியில், காலை பத்து மணிக்கு இறந்தார். துக்கத்துக்கு அந்தப் பெரியம்மா மகன் வந்திருந்தார். "தெரியாம போச்சுங்க, அவருக்கு மூச்சு முடியலேன்னு தெரியாம போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும்தான் தெரியாமல் போனது.

தீவுக்குப் போயிருந்தால் இந்தப் பதினாறு மாதத்தில் பாதிகூடத் தாங்கியிருக்க மாட்டார் என்று மருத்துவர் பிறகு சொன்னார். இருக்கலாம். நான் பயந்தது நியாயமான பயம்தான். ஆனால் என் பயத்தை என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். கத்தியிருப்பார், நானும் கத்தியிருப்பேன், நாலு நாள் வீட்டில் சமையல் இருந்திருக்காது. அந்தச் சண்டை அவருக்கு உரியது. அதை நான் சாமியின் பேரால் பிடுங்கிக்கொண்டேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். வேண்டாம் என்றால் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிர்த்துப் பேச அவர்களிடம் மூச்சு இருக்கும்போதே சொல்லுங்கள்.

எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. மகள் வற்புறுத்திப் பரிசோதித்ததில் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் தெருவில் மூன்று மின்கம்பம் தாண்டினால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. பேசும்போது பாதியில் நிறுத்தி, எதிரில் இருப்பவர் பதற்றப்படுவதைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பதும் எனக்குக் குழம்பிப்போய்விட்டது. அந்தப் பதினாறு மாதம் நேற்று போல இருக்கிறது, அவர் போன பின்னான ஒவ்வொரு காலையும் முடிய மாட்டேன் என்கிறது.

மாடிக்குத் துணி காயப்போட ஏறும்போது ஆறாவது படியில் நிற்கிறேன். கைப்பிடியில் அவர் கைக்கு இடம் விட்டு, சுவரோரமாக ஒதுங்கி நிற்கிறேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கும் நேரம் எவ்வளவு என்று என் காலுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் ஏழாவது படி.