அத்தானின் சிபாரிசு

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அத்தான் தன் போனையும் இயர்போனையும் என் முன்னால் வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆல்பத்தின் அட்டை. பல வருடங்களுக்கு முன்பு ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போன ராக் குழுவொன்று, திடீரென்று இரண்டாவதைப் போட்டிருக்கிறது. அது எப்படியும் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். “மாப்ள, இதக் கேட்டுட்டு எப்பிடி இருக்குன்னு சொல்லு” என்றார். அவருக்குக் காது கேட்காமல் போய் ஒரு வருடமாகிறது.

அக்காவைக் கட்டுவதற்கு முன் அவர் கொழும்பில், புறக்கோட்டையில், ஒரு சீடி கடையில் வேலை பார்த்தார். விற்காமல் தேங்கிய இங்கிலீஷ் சீடிகளை முதலாளி ஒரு தீபாவளிக்கு அவர் தலையில் கட்டிவிட்டார். எல்லாம் ஊர்பேர் தெரியாத ராக் குழுக்கள். வேறு வழியில்லாமல் கேட்க ஆரம்பித்தவர் அப்படியே விழுந்துவிட்டார். தோட்டத்துக்கு வந்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சேர்ந்த பிறகும் அந்தக் கிறுக்கு போகவில்லை. பிரபலமான குழு எதையாவது நான் சொன்னால், “அதச் சொல்ல ரேடியோக்காரன் இருக்கான், நான் எதுக்கு?” என்பார். யாருக்கும் தெரியாததைத்தான் சொல்வார், அதுவும் ஆளைப் பார்த்துத்தான் சொல்வார். வெளிநாடு போன மகன் போனே எடுப்பதில்லை என்று புலம்பிய பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு, அதாவது லயத்தில் அடுத்த வீட்டுக்காரிக்கு, பாட்டே இல்லாமல் கிட்டார் மட்டும் ஓடுகிற ஆல்பம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். “ரேடியோ மழையில நனஞ்ச மாதிரி இருக்கு தம்பி. ஆனா நிறுத்திறாத” என்று அந்த அக்கா சொன்னதை, தனக்குக் கிடைத்த பட்டம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னிடம் மட்டும் அவர் பருப்பு வேகவில்லை. என் காது சினிமாப் பாட்டுக் காது.

ஸ்டோரில் அவருக்கு வேலை, கொழுந்தை உருட்டுகிற ரோதைகளுக்குப் பக்கத்தில். அந்தச் சத்தத்தில் ஆளுக்கு ஆள் பேச முடியாது. கையைக் காட்டுவார்கள், உதட்டைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா எல்லாருக்கும் காதுமூடி கொடுத்திருந்தார். அத்தான் அதற்குள்ளே இயர்போனைச் செருகி, சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு வேலை செய்தார். மெஷின் சத்தம்தான் காதைக் கெடுக்கும், பாட்டு காதைக் காப்பாற்றும் என்பது அவர் கணக்கு. பாட்டு மங்க ஆரம்பித்தபோது இயர்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஹட்டன் டவுனில் புதிது புதிதாக வாங்கினார். எல்லாரும் கையாலேயே பேசுகிற இடத்தில் ஒருவருக்குக் காது போனதை யார் கண்டுபிடிப்பது? ஒரு நாள் மெஷின்களை நிறுத்தி, அவற்றுக்குக் காவல் சாமியான ரோதைமுனிக்குப் பூசை வைத்தார்கள். பூசாரி மணியடிக்க எல்லாரும் கும்பிட்டார்கள். அத்தான் பூசாரியின் கையைப் பார்த்துவிட்டு, “என்னங்க, மணியில நாக்கு இல்லியா?” என்று கேட்டாராம். தமாஷ் பண்ணுகிறார் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

நரம்பு போய்விட்டது, திரும்பாது என்று கண்டியில் டாக்டர் சொல்லிவிட்டார். காதுக் கருவியை மாட்டினால், உதட்டையும் பார்த்துக்கொண்டு பேச்சை ஒருமாதிரி பிடித்துவிடுகிறார். பாட்டு மட்டும் தகரத்தில் சல்லிக்கல் கொட்டுவது போலக் கேட்கிறதாம். எனக்கு யார்மீதாவது கோபப்பட வேண்டும் போல இருக்கிறது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கிட்டார் மெதுவாக ஆரம்பித்து மெதுவாகவே போனது. பாடுகிறவர் பக்கத்து அறையிலிருந்து பாடுவது போல இருந்தது. ஒரு சொல்லை முடிக்காமலே நிறுத்திக்கொண்டார். எனக்குள் ஏதோ ஆனது.

“நல்லா இருக்குங்க அத்தான்.”

“நல்லா இருக்குன்னா? மொத ஆல்பம் மாதிரியா?”

முதல் ஆல்பம் எப்படி இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? தவித்துப்போய், “பாடுறவருக்கு வயசாயிருச்சுங்க” என்றேன். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “ஆகித்தான இருக்கும்” என்றார். இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். நான் கையை ஆட்டினேன், மெதுவாக என்றேன், சோகம் என்றேன், அதுவும் சரியில்லை என்று பட்டது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி விடு மாப்ள” என்றார் கடைசியில். “யாருக்குப் பிடிக்கும்னு மட்டும் சொல்லு. அவங்கக்கிட்ட குடுத்துருவோம்.”

பக்கத்துக் காம்பரா அக்கா, ஸ்டோர் ஆட்கள், என் சிநேகிதர்கள் என்று தெரிந்த முகங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். இதைத் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அவர் எதிரே உட்கார்ந்து, நான் பெயர் சொல்வதற்காக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.